பத்துக் கிலோ குழந்தை

காலை ஏழு மணிக்கே வரிசை மாடிப்படி இறங்கித் தெருவுக்கு வந்து, மருந்துக்கடை வாசலையும் தாண்டி வளைந்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். பின்னே என்ன? மாடியில், மூடிக்கிடந்த உடற்பயிற்சிக் கூடத்தில், ‘பாரமிறக்கி’ என்று பேரெடுத்த வைத்தியர் வந்து உட்கார்ந்திருக்கும்போது மாத்திரை யாருக்கு வேண்டும்?

பாரமிறக்கியின் வைத்தியம் ரொம்பச் சுலபம். முதலில் உங்களைத் தராசில் ஏற்றுவார். எழுபது கிலோ. வயிற்றில் கை வைத்துக் கண்ணை மூடி ஏதோ முணுமுணுப்பார். மறுபடி ஏற்றுவார். அறுபத்தொன்பதரை! அந்த அரைக் கிலோதான் உங்கள் கணையத்திலிருந்து கழன்று ஓடிய புற்று விதையாம். கூட்டம் கைதட்டும். நீங்கள் ஒரு தைலப் புட்டியை வாங்கிக்கொண்டு இறங்கலாம். வீட்டுக்குப் போனதும் விதை மறுபடி முளைத்துவிடும் என்பதால் அடுத்த வாரமும் வரவேண்டும். அதற்கும் ஒரு புட்டி உண்டு.

அந்தக் கூட்டத்தில் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் யார் தெரியுமா? முத்திரை ஆய்வாளர். அரசாங்கச் சம்பளத்தில் ஊரிலுள்ள தராசுகளையெல்லாம் சோதித்து முத்திரை குத்துகிறவர். இருபத்தாறு வருட அனுபவம். மீன்காரி தட்டுக்கடியில் ஒட்டிய காந்தத்தைப் பத்தடி தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பார். பழைய இரும்புக் கடைக்காரர் இவர் தலையைக் கண்டால் கடையைப் பூட்டுவார். அப்பேர்ப்பட்ட ஆசாமி நாலு மாதமாக வாராவாரம் இந்தத் தராசில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பயபக்தியோடு ஏறினார். சோதித்துப் பார்க்கத் தோன்றவில்லையா என்று கேட்டால், பதில் தயாராக வைத்திருந்தார்: பொருள் விற்கிற தராசைத்தான் சட்டப்படி சோதிக்கவேண்டும், இது ஆளை நிறுக்கிற தராசு, தன் அதிகாரத்தில் வராது. மூளையைக் கழற்றி வைத்ததற்குக்கூட அவர் விதி எண் காட்டுவார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. பயம். கணையம் வீங்கி இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் சுருண்டு கிடந்தவர். இரண்டாம் தடவை டாக்டரம்மா படுக்கையோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பொறுமையாகத்தான் சொன்னார்.

“கணையம் இப்படித் திரும்பத் திரும்ப வீங்கி நாள்பட்டுப் போச்சுன்னா, அங்க புத்துநோய் வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிடக் கூடுதல். அதுக்காகப் பயந்து சாகாதீங்க. பெரும்பாலானவங்களுக்கு வர்றதே இல்லை. சிகரெட்டை விடுங்க, குடியைத் தொடாதீங்க, ஆறு மாசத்துல ஸ்கேனுக்கு வாங்க. காரணமில்லாம எடை குறைஞ்சா ஆறு மாசம் காத்திருக்காம உடனே ஓடி வாங்க.”

இத்தனையில் ஆய்வாளர் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தை. அது எது என்று சொல்லவேண்டியதில்லை. சிகரெட் பற்றிய பகுதி காதுப் பக்கமே வரவில்லை.

டாக்டரம்மா ‘வாய்ப்பு’ என்றார். பாரமிறக்கி ‘விதை’ என்றார். வாய்ப்பை யாராவது கையில் பிடிக்க முடியுமா? விதையைப் பிடுங்கலாமே! எடை குறைந்தால் ஓடி வா என்றார் ஒருவர். எடை குறையக் குறைய ஊரே கைதட்டியது இங்கே. எழுபதிலிருந்து அறுபத்தொன்றுக்கு வந்துவிட்டார் மனிதர். ரொட்டிக்கடைக்காரர் அவரையும் மிஞ்சிப் பதினொரு கிலோ இறங்கியிருந்தார். அவருக்குத்தான் கூடத்தில் முதல் வரிசை. அவர் கன்னம் ஒட்டிப்போனதைப் பார்த்து ஆய்வாளருக்குப் பொறாமை வேறு.

வீட்டில் மனைவிக்கு மட்டும் இதெல்லாம் பிடிக்கவில்லை. அவர் தையல்காரர். தராசைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. இடுப்பைப் பற்றித் தெரியும்.

“ஏங்க, நாலு மாசத்துல உங்க பேன்ட்டை மூணு தடவை பிடிச்சுக் குடுத்துட்டேன். இன்னும் பிடிச்சா ரெண்டு பாக்கெட்டும் பின்னால வந்து ஒட்டிக்கும். டாக்டர்கிட்ட போலாம் வாங்க.”

“அது கெட்டது இறங்குது. உனக்கு இதெல்லாம் புரியாது. தராசே சொல்லுது.”

“தராசு சொல்லுதா? சரி, கேட்டுப் பாத்துரலாம்” என்றார் மனைவி. அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. ஆய்வாளர் வாதத்தில் ஜெயித்துவிட்டதாக நினைத்து ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார்.

மறுநாள் கூடத்தில் ஆய்வாளர் ரொட்டிக்கடைக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. கைக்குழந்தையைப் போர்வையில் சுற்றித் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். பார்த்தால் அவர் மனைவி!

ஆய்வாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் வீட்டில் ஒரே பெண், அவளும் கல்லூரியில் படிக்கிறாள். இது யார் பெற்றது? இருபத்தாறு வருட அனுபவமும் இந்தக் கேள்விக்கு உதவவில்லை.

“பிள்ளைக்கு வயிறு கல்லு மாதிரி இருக்குங்க. ஜன்னி கண்டிருக்கு, போர்வையை மட்டும் எடுக்க வேண்டாம்” என்றார் மனைவி.

“வேண்டாம்மா, வேண்டாம். எனக்குத் துணி ஒரு தடையா?” பாரமிறக்கி குழந்தையைத் தராசில் வைக்கச் சொன்னார். பதினொரு கிலோ. போர்வைமேல் கை வைத்தார். முகம் சுருங்கியது.

“பச்சைப்பிள்ளை... இதுக்குள்ளயும் விதை விழுந்திருச்சே! எவ்வளவு கனமா உக்காந்திருக்கு பாருங்க. ஒருநாள் தாமதிச்சிருந்தா கைவிட்டுப் போயிருக்கும்.”

கூட்டம் ‘உச்’சுக் கொட்டியது. பாரமிறக்கி நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, வழக்கத்தைவிட நீளமாக முணுமுணுத்தார். குழந்தைக்கென்று தனிக் கருணை. “இப்ப பாருங்க!”

பத்தரைக் கிலோ. கைதட்டல் கூரையைப் பிளந்தது. ஆய்வாளரும் தட்டினார். பழக்க தோஷம்.

மனைவி போர்வையை உருவினார். உள்ளே, பளபளவென்று துடைத்து, தலையில் அரசாங்க முத்திரையோடு உட்கார்ந்திருந்தது ஆய்வாளரின் பத்துக் கிலோ எடைக்கல்.

“போர்வை அரைக் கிலோ, இரும்பு பத்துக் கிலோ. ஆக மொத்தம் பத்தரை. மொதல்ல பதினொண்ணு எப்படிங்க வந்துச்சு? இரும்புக்குக் கணையம் எந்தப் பக்கம் இருக்கு?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஆய்வாளரை உலுக்கிவிட்டது. எழுந்து போனார், முழங்காலிட்டார், தராசுக்கும் நாற்காலிக்கும் நடுவே விரித்திருந்த, நாலு மாதத்துக்கு முன்பே தூக்கியிருக்கவேண்டிய கம்பளத்தைத் தூக்கினார். தராசின் அடியிலிருந்து ஒரு கம்பி பாரமிறக்கியின் நாற்காலிக்குப் போயிற்று. அங்கே குதிகாலுக்கு ஏற்ற ஒரு மிதிகட்டை. முதல் தடவை நிறுக்கும்போது மிதித்தால் அரைக் கிலோ ஏறும். சாய்ந்து காலை எடுத்தால் விதை ஓடிவிடும். மீன்காரியின் காந்தம் இதற்கு எவ்வளவோ மேல்.

பாரமிறக்கி தைலப் புட்டிகளைக்கூட எடுக்காமல் பின்படி வழியாக இறங்கினார். அவ்வளவு வேகமாக எந்தப் பாரமும் இறங்கி ஊர் பார்த்ததில்லை.

ஆய்வாளர் பையிலிருந்து ‘சோதனையில் தவறியது’ என்ற சிவப்புச் சீட்டை எடுத்துத் தராசில் ஒட்டினார். மனைவி இன்னொரு சீட்டை உருவி, அவர் சட்டைப்பையிலிருந்த சிகரெட் பெட்டியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒட்டினார். ஆய்வாளர் ஆட்சேபிக்கவில்லை. ஏனென்றால் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மிதிகட்டை பொய்யாகக் கூட்டியது முதல் எடையில் அரைக் கிலோவை மட்டும்தான். இரண்டாவது எடை ஒவ்வொரு வாரமும் உண்மை. அறுபத்தொன்று உண்மை. தராசு ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறது, படித்தவர்தான் முட்டாள்.

ரொட்டிக்கடைக்காரரையும் இழுத்துக்கொண்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா ஆய்வாளரின் சட்டையிலிருந்த சீட்டைப் படித்தார், விளக்கம் கேட்கவில்லை.

ஆய்வாளருக்குக் கட்டி இல்லை. கணையம் தழும்பேறிச் சாப்பாட்டைச் செரிக்கவைக்க முடியாமல் சோர்ந்திருந்தது. சர்க்கரையும் எட்டிப் பார்த்திருந்தது. சாப்பாட்டோடு மாத்திரை, ஒழுங்காகச் சோதனை, சிகரெட்டுக்கு முழுக்கு.

ரொட்டிக்கடைக்காரருக்குக் கட்டி இருந்தது.

“ஆபரேஷன் பண்ணலாம். பண்ற நிலைமையிலதான் இருக்கு. ஆனா எடை குறைய ஆரம்பிச்சப்பவே வந்திருக்கலாமே? ஏன் வரலை?” என்று கேட்டார் டாக்டரம்மா.

ரொட்டிக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். “எல்லாரும் கைதட்டினாங்கம்மா.”

ஆய்வாளர் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். அந்தக் கூட்டத்தில் பலமாகத் தட்டியவை அவைதான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அந்தச் சிவப்புச் சீட்டை அவர் இன்னும் கிழிக்கவில்லை. முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறார். அன்று கூடத்தில் கைதட்டிய முந்நூறு பேருக்கும் ஆளுக்கொன்று ஒட்ட ஆசைதான். அரசாங்கம் அத்தனை சீட்டு தராது. பாரமிறக்கி அடுத்த ஊரில் வேறு பெயரில் கடை விரித்திருப்பார். உங்கள் ஊராகவும் இருக்கலாம். போவதானால் போங்கள், யார் தடுத்தார்கள்? கைதட்டுவதற்கு முன்னால் மட்டும் ஒருதரம் இரும்பை வைத்துப் பாருங்கள். இரும்புக்கும் நோய் தீர்ந்தால், நோய் உங்கள் வயிற்றில் இல்லை, கழுத்துக்கு மேலே.