புத்தரை வெளியூர்க்காரர் ஆக்கிய அதிகாரி

மிசாகா மலையூர்,
புது ராஜாவின் மெய்ஜி மூன்றாம் ஆண்டு வசந்தம்.

டோக்கியோவில் கோயில் இலாகா குமாஸ்தாவாக இருக்கும் அன்புத் தம்பி செய்ஜிரோவுக்கு,

அண்ணன் ரியோகாய் எழுதுவது. நாங்கள் உயிரோடு இருக்கிறோம். உன் நலத்தை எந்தச் சாமியிடம் வேண்டுவதென்று இப்போது தெரியாததால் பொதுவாக வேண்டிக்கொண்டேன்.

ஏனப்பா, உங்கள் இலாகாவில் ஒருவருக்காவது மூளை இருக்கிறதா? காலமெல்லாம் புத்த பிட்சுவாக இருந்த என்னை ஒரே உத்தரவில் நாட்டுச் சாமிக்குப் பூசாரி ஆக்கினீர்கள். சரி, தொலையட்டும். உயரமான கறுப்புத் தொப்பி போடச் சொல்கிறீர்களே, மழித்த தலையில் அது நிற்குமா? குனிந்தால் மூக்கில் விழுகிறது, நிமிர்ந்தால் முதுகில் விழுகிறது. அதோடு விட்டதா? கதகிரி என்றொரு அதிகாரி வந்து, நோய் தீர்க்கும் நம் மருந்து புத்தரின் மரச்சிலையை வெளியேற்று என்று குதித்தார்.

"ஐயா, அவரு ஆயிரம் வருஷமா இங்கதானே இருக்காரு?" என்றேன்.

"இருந்தா? பொறந்தது இந்தியாவுல. அந்நியர்! இனிமே நமக்கு ஒரே நாடு, ஒரே ராஜா, நம்ம சாமி மட்டும்தான். யாருன்னு கேட்டா எல்லாரும் ஜப்பானியர்னு சொல்லணும்."

விதவை ஒதோசே கைகட்டிக் கேட்டாள்: "ஜப்பானா? நாங்க மிசாகாங்க. அது இங்கேருந்து ரொம்ப தூரமா?"

மனுஷன் முகம் மிளகாயாகிவிட்டது. உடனே புது வழிபாடு நடத்து என்றார். நின்றேன், வாயைத் திறந்தேன், பாழாய்ப்போன வாய் பழக்கதோஷத்தில் புத்தர் சூத்திரத்தை ஆரம்பித்துவிட்டது. ஊரே பழையபடி கைகூப்பி, பிறகு கைதட்டித்தான் கும்பிட வேண்டும் என்ற புது உத்தரவு ஞாபகம் வந்து, ஆளுக்கொரு நேரத்தில் படபடவென்று கைதட்டியது. என் தொப்பி படையல் சாராயத்தில் விழுந்தது. "நாத்து நடறதுக்குள்ள திரும்பி வருவேன். அந்தச் சிலை ஊருக்குள்ள இருந்தா உங்க கண்ணெதிரேயே கொளுத்துவேன்!" என்று கதகிரி கத்திவிட்டுப் போனார்.

இப்போது புத்தர் நம் ஊர்க் கொன்பெய் சோயா அரைத்து மிசோ விழுது ஊறவைக்கும் கொட்டகையில், பீப்பாய்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு வயிறு எரிகிறது தம்பி. நாட்டைச் சமைக்க உங்களுக்கு விறகாக அவர்தானா கிடைத்தார்? அவரை எரித்தால் நான் தாங்க மாட்டேன். அந்தக் கதகிரியை மரமே முளைக்காத ஏதாவது தீவுக்கு உடனே மாற்று. இல்லையென்றால் அண்ணன் என்று என்னைக் கூப்பிடாதே.

உன் மனைவி மக்களுக்கு இருதரப்புச் சாமிகளின் ஆசியும் உண்டாகட்டும். உத்தரவுப்படி ஒரு தரப்பைக் கழித்துக்கொள்.

இப்படிக்கு,
பூசாரியாக்கப்பட்ட அண்ணன்,
ரியோகாய்

பி.கு.: இதை ஒட்டும்போதே கதகிரி வந்துவிட்டார். சிலையை எரிக்கத்தான் என்று நினைத்தேன். ஆனால் கூட ஆட்கள் இல்லை. பார்வை போன ஒரு கிழவியை முதுகில் சுமந்திருந்தார்.

"எங்கம்மா," என்றார் தரையைப் பார்த்து. "மருந்து புத்தர்கிட்ட கூட்டிட்டுப் போன்னு ஒரே அழுகை. புது நாடெல்லாம் அவங்களுக்குப் புரியல. அவரு எங்க இருக்காருன்னு எனக்குச் சொல்லாதீங்க. அவங்களுக்கு மட்டும் சொல்லுங்க."

நான்தான் அம்மாவைக் கைபிடித்துக் கொட்டகைக்கு அழைத்துப் போனேன். உள்ளே அந்த அம்மாள் சூத்திரம் சொல்லச் சொல்ல, தெருவில் முதுகைக் காட்டி நின்ற அதிகாரியும் ஓர் எழுத்துப் பிசகாமல் கூடவே சொன்னார்.

ஆகவே தம்பி, அவரை மாற்றிவிடாதே. அடுத்து வருகிறவருக்கு அம்மா இல்லாமல் போய்விட்டால் நாங்கள் என்ன செய்வது?