ஆறுதல் சாரும் கடைசி பெஞ்சும்

பிரம்பு ஆசிரியரை உங்களுக்குத் தெரியும். சாக்பீஸ் எறிகிறவரையும் தெரியும். அவர்கள் அருகிப்போய், அந்த இடத்தில் இப்போது பல்கிப் பெருகியிருப்பது ஆறுதல் ஆசிரியர் என்னும் இனம்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். தலையை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்தபடி நடப்பார், பேசும்போது குரல் பாதியாகிவிடும், எந்தப் பிள்ளை கண்ணில் பட்டாலும், அது குழாயடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாலும் சரி, தோழியோடு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாலும் சரி, அருகே போய், "என்னம்மா, மனசுல ஏதாவது இருக்கா?" என்பார். இல்லை என்றால் விடுவாரா?

"இல்லைங்கிறவங்க மனசுலதான் நிறைய இருக்கும்."

நம்மவர் புவியியல் ஆசிரியர். மூன்று நாள் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழோடு திரும்பியதும் மாணவர் மனநலம் அவர் தலையில் விழுந்தது. பிள்ளைகள் ஆறுதல் சார் என்று பெயர் வைத்தார்கள். வரைபட அறையை ஒழித்து இரண்டு நாற்காலி போட்டார். 'இங்கே எதையும் பேசலாம்' என்று பலகை மாட்டினார். யார் பேசலாம் என்று பலகை சொல்லவில்லை.

ஒரு புதன்கிழமை ஒன்பதாம் வகுப்பில் முதல் மார்க் வாங்கும் பெண் வந்தாள். பாடம் நடக்கும்போதே நெஞ்சு படபடத்து, கை சில்லிட்டு, மூச்சு முட்டுகிறது. அதற்குப் பயந்து வாரத்தில் பாதி நாள் லீவு. இன்னும் பத்து நாள் போட்டால் ஆண்டுத் தேர்வு எழுத முடியாது என்று வீட்டுக்குக் கடிதமே போய்விட்டது.

"மனசு விட்டுப் பேசும்மா."

"சார், கதவுகிட்ட உக்காரட்டுமா? படபடன்னு வந்தா யாரையும் தொந்தரவு பண்ணாம வெளிய போய் ரெண்டு நிமிஷம் நின்னுட்டு வந்துடுவேன்."

நோயும் சொல்லிவிட்டாள், மருந்தும் சொல்லிவிட்டாள். சார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். சிறுவயதில் தான் நாய்க்குப் பயந்தது, அந்தப் பயத்தை வென்றது, மூச்சை எண்ணி விடும் முறை, மலையிலிருந்து இறங்கும் நதி பாறையைக் கண்டு திரும்பிப் போகிறதா என்ற கேள்வி என்று முப்பத்தேழு நிமிடம். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

அந்தப் பள்ளியில் உட்காரும் இடம் கணக்கு மார்க்கைப் பொறுத்தது. மாதத் தேர்வு முடிந்ததும் முதல் மார்க் முதல் பெஞ்சுக்குப் போகும், கடைசி மார்க் கடைசிக்கு. கதவு இருப்பது பின்பக்கம்.

"அது மக்கு பெஞ்சும்மா! நீ போய் அங்க உக்காந்தா உன் தன்னம்பிக்கை என்னாகும்?"

பயிற்சியில் கொடுத்த படிவத்தில் 'மாணவி மனம் திறந்து பேசினார்' என்ற கட்டத்தில் சார் டிக் அடித்தார்.

வீட்டில் துணி மடித்துக்கொண்டே மனைவி கேட்டாள். "அந்தப் பொண்ணு கேட்டது ஒரு இடம்தானே? குடுத்துட்டா முடிஞ்சு போச்சு."

"உனக்குப் புரியாது. அவ சொல்ற கதவு ஒரு குறியீடு."

"என்ன குறியீடோ! கதவுன்னா வெளிய போறதுக்கு. இந்தப் போர்வையோட அந்த நுனியைப் பிடிங்க."

அடுத்த புதன்கிழமையும் அவள் அதையே கேட்டாள். அதற்கடுத்த புதன்கிழமை கேட்கவில்லை. சார் 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதினார்.

பிறகு மாதத் தேர்வு வந்தது. மார்க்கைப் பார்த்த கணக்கு டீச்சர், அவர்தான் வகுப்பாசிரியையும், கோபத்தில் அவளை நேரே கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார். இரண்டு வாரம் கழித்து வருகைப் பதிவேட்டைக் கூட்டியபோதுதான் அவருக்கு உறைத்தது. விடைத்தாளையும் பதிவேட்டையும் அவளையும் ஒன்றாக இழுத்துக்கொண்டு வரைபட அறைக்கு வந்தார்.

"உங்க ஆறுதலோட லட்சணத்தப் பாருங்க சார். நூத்துக்குப் பதினொண்ணு! ஆனா அன்னையிலேருந்து ஒரு நாள்கூட லீவு போடல. எனக்கு ஒண்ணும் ஓடல."

"என்னம்மா இது?"

"தொண்ணூத்தாறு எடுத்தா முதல் பெஞ்ச் சார். பதினொண்ணு எடுத்தாத்தான் கதவு."

"தெரிஞ்சேவா விட்டே?"

"கடைசி பெஞ்சு பையன் எப்பவும் பன்னெண்டு எடுப்பான் சார். அதான் பதினொண்ணு வர்ற மாதிரி கணக்குப் பண்ணி எழுதினேன்."

ஆறுதல் சார் 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதியிருந்த படிவத்தை மெல்லக் கவிழ்த்து வைத்தார்.

டீச்சர் விடைத்தாளைப் புரட்டினார். விட்ட கணக்கெல்லாம் கஷ்டமானவை அல்ல. இரண்டாவது வரி வரை சரியாகப் போட்டு, விடை வருகிற இடத்தில் நிறுத்தியிருந்தாள்.

"ஆண்டுத் தேர்வுல முழுசா எழுதுவியாடி?"

"மார்க் எடுத்தாலும் கதவு இருக்குமா மிஸ்?"

"இருக்கும். எழுந்து போறதுக்கு என்கிட்ட கேக்கக்கூட வேணாம்."

அவ்வளவுதான். டீச்சர் பெஞ்சுப் பட்டியலில் அவள் பெயரைப் பேனாவால் எழுதி, இனி மாற்றக்கூடாது என்று அடியில் கோடும் போட்டார்.

சார் திருந்தினாரா என்றா கேட்கிறீர்கள்? திருந்தினார். அடுத்த ஆசிரியர் கூட்டத்தில், பிள்ளைகள் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்பது எப்படி என்று நாற்பது நிமிடம் பேசினார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வாரம் உங்கள் பிள்ளை, "ஒண்ணும் இல்ல, கொஞ்ச நேரம் தனியா இருக்கட்டுமா?" என்று கேட்டதே, அதன் கட்டில் ஓரமாக உட்கார்ந்து, தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு, நீங்கள் எத்தனை நிமிடம் பேசினீர்கள்?