சீஸ் ஆம்லெட்டும் மூன்று குட்டும்

நாவைத் தூய்மை செய்யப் பாசுரம் பாடுகிறவன் அதே நாவால் கெட ஒரு தட்டுச் சிற்றுண்டி போதும். அடியேன் கெட்டது சீஸ் ஆம்லெட்டால்.

ஆந்திர எல்லையில் உள்ள நகரியில் எங்கள் வீடு புலால் நுழையாத வீடு. கடலை மாவில் தக்காளியும் பச்சை மிளகாயும் கரைத்துத் தோசைக்கல்லில் ஊற்றுவதற்கு எங்களிடம் பெயரே ஆம்லெட்தான். (ஊரார் அதை முட்டையில் செய்வார்கள் என்பது எனக்குத் தெரியாது, பாசுரங்களில் அந்தச் செய்தி இல்லை.) சத்துணவு படித்த என் மகள் அதன்மேல் சீஸ் துருவிப் போடத் தொடங்கினாள்.

"மாவுல புரோட்டீன், சீஸ்ல கால்சியம். ரெண்டு துன்னா மத்தியானம் வரைக்கும் பசிக்காது நைனா."

சீஸ் உருகி வழிந்த கோலத்தைக் கண்டு, அடியார் உள்ளம் உருகுவதும் இப்படித்தானோ என்று மெய்சிலிர்த்தேன்.

அவளுக்குத் திருப்பதியில் ஒரு வரன் அமைந்தது. பிள்ளைக்குச் சம்மதம், வெங்காயம்கூடத் தொடாத அவன் தகப்பனார் தலையசைப்பதே பாக்கி. மனைவியும் நானும் அவர்கள் வீட்டுக்குப் போனோம்.

"இந்த வயசுல விடியக்காலம் நின்னுக்கினே பாடறீங்களாமே. இன்னா சாப்பிடறீங்க?" என்றார் அவர்.

நெஞ்சு நிமிர்ந்தது. "தினமும் இரண்டு சீஸ் ஆம்லெட். முதலில் பெருமாளுக்கு நைவேத்தியம், பிறகுதான் எனக்கு. துவாதசிப் பாரணையும் அதுதான்."

காபி டம்ளர்கள் அந்தரத்தில் நின்றன. மனைவி தொடையைக் கிள்ளினாள். பாராட்டு என்று கொண்டேன்.

"குட்டு உண்டா?" என்றார் அவர்.

தெலுங்கில் குட்டு என்றால் முட்டை. பிறந்தது முதல் கேட்ட மொழி அந்த நேரம் பார்த்து என்னைக் கைவிட்டது. பிள்ளையார் குட்டைக் கேட்கிறார் என்று எண்ணி, "இல்லாமலா? சாப்பிடுமுன் மூன்று," என்று நெற்றியில் குட்டிக் காட்டினேன்.

"ஒரு ஆளுக்கு மூணா?" என்று சுவரில் சாய்ந்தார் பிள்ளையின் தாயார்.

"இன்னாத்த சொல்லிக்கினு கீறீங்க!" என்ற என் மனைவி, மகளுக்கு வீடியோ கால் போட்டாள். மகள் மாவு டப்பாவையும் சீஸ் கட்டியையும் தூக்கிக் காட்டினாள்.

"இவ்ளோதான் மாமா, தக்காளியும் கருவேப்பிலையும் சேரும். எங்க நைனாவுக்கு முட்டைன்னா பரீட்சையில வாங்கற மார்க்குதான் தெரியும்."

பிள்ளையின் தகப்பனாருடைய கடுத்த முகம் முதலில் கோணியது; பிறகு சிரிப்பில் வயிறு குலுங்கியது. "பொண்ணு பேச்சு புடிச்சிருக்குது," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கல்யாணம் நடந்து பேரனும் பிறந்துவிட்டான். இன்றும் திருப்பதிக்குப் போனால் வாசலிலேயே சம்பந்தியின் குரல் வரவேற்கிறது: "மாவா, குட்டா?"

"மாவு" என்று கைகூப்புகிறேன். குட்டை நானே என் தலையில் வைத்துக்கொள்கிறேன்.