மாதிரிப் பாடத்துக்குப் போன வேலி

ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் சொல்லிக் கொடுத்ததும் ஓர் ஆசிரியை நிறுத்த வேண்டும்? இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பக்கத்து வீட்டு ரஹ்மா மாமியின் கத்தரிக்கன்றுகள் பிழைத்திருக்கும்.

நாங்கள் மீள்குடியேறி, கொண்டச்சிப் பக்கம் தகரக் கொட்டிலில் இருந்த காலம். மகள் அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தாள். கணவர் கடலை நம்பினார் (கடல் அவரை நம்பவில்லை). பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்துக்குத் தொண்டர் ஆசிரியர் எடுக்கிறார்கள் என்றதும், மகளின் பால்மாவுக்கு வழி பிறந்தது என்று விண்ணப்பித்தேன். கல்விக் கந்தோரிலிருந்து அதிகாரி சேர் ஒருவர் வந்து மாதிரிப் பாடம் பார்ப்பார் என்றார்கள். எனக்குக் கிடைத்த சொல் 'ஃபென்ஸ்'.

வேலி. இதில் என்ன கஷ்டம்? ஆனால் நான் அகராதியைத் திறந்தேன். அதற்கு வாள்வீச்சு என்றும் பொருளாம். களவுப் பொருளை வாங்கி விற்பவன் என்றும் பொருளாம். அதன் மேல் குந்தியிருந்தால் எந்தப் பக்கமும் சேராதவன் என்று அர்த்தமாம். ஒன்றை விட்டால் சேர் அதையே கேட்பாரோ? எல்லாம் சொன்னால் பிள்ளைகள் குழம்புவார்களோ? யோசித்து யோசித்துக் கடைசியில் எல்லாவற்றையும் சொல்வதென்று முடிவெடுத்தேன்.

கற்பித்தல் உபகரணமும் வேண்டும். படம் வரைந்தால் ஆடு மாதிரி வரும். ஆகவே காலையில் எங்கள் வேலியிலிருந்தே பின்னிய தென்னோலைக் கிடுகு ஒன்றை அவிழ்த்துக்கொண்டு போனேன். அது இரண்டு வீட்டு வளவுக்கும் நடுவில் நிற்கும் வேலி, அந்த வருடம் கட்டியவர் மாமி என்பதெல்லாம் அப்போது நினைவில் இல்லை. எங்கள் ஆடுகளைக் கட்டினேனா என்பதும் நினைவில் இல்லை.

வகுப்பில், மூலையில் சேர் குந்தியிருந்து பார்க்க, கிடுகைத் தூக்கிப் பிடித்தேன். வேலி சொன்னேன். கையை வீசி வாள்வீச்சு சொன்னேன். பின்வரிசைப் பையன்கள் அடிமட்டத்தால் சண்டையைத் தொடங்கினார்கள். "களவுச் சாமான் வாங்கிறவனுக்கும் இதுதான் பேர்" என்று நான் சொல்லிக்கொண்டிருக்க, வாசலில் ரஹ்மா மாமி. ஒரு கையில் எங்கள் ஆட்டின் கயிறு. அதன் வாயில் ஒரு கத்தரி இலை.

"பிள்ள, உங்கட ஆடு என்ட கண்டெல்லாம் திண்டிட்டுது. வேலியில ஆடு பூருற அளவு பொட்டு எப்பிடி வந்ததெண்டு பாத்தா..." மாமியின் கண் கிடுகில் நின்றது.

சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "டீச்சர், இது ஆருட வேலி?"

"நடுவில நிக்கிறது, சேர்" என்றேன். (எந்தப் பக்கமும் சேராத பதில்.)

"ஆர் குடுத்தது?"

நான் கிடுகை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். மாமி என்னைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார்.

"நான்தான் சேர் குடுத்தனான். பள்ளிக்கூடத்துக்கெண்டு கேட்டவ. ஆட்டைக் கட்டச் சொல்ல மறந்திட்டன்."

எனக்கு வேலை கிடைத்தது. பாடத்துக்காகவா, பக்கத்து வீட்டோடு ஒற்றுமையாக இருக்கிறேன் என்பதற்காகவா, புரியவில்லை. வெளியே வந்ததும் மாமி கயிற்றை என் கையில் திணித்தார். "பொய் சொல்ல வச்சிட்டியே. அடுத்த பாடம் கிணறெண்டு சொல்லிப்போடாத, தாயே."

இப்போதும் வீட்டில் கரண்டியைக் காணவில்லை என்றால் என் கணவர், "மாதிரிப் பாடத்துக்குப் போயிட்டுதோ?" என்பார். என் மகளும் அதையே சொல்லப் பழகிவிட்டாள்.

கிடுகை அவிழ்த்த இடத்தில் அந்தப் பொட்டு இன்னும் திறந்தே கிடக்கிறது. புதுக் கிடுகோடு போனால் மாமி, "ஏன், எங்களோட கோவமோ?" என்கிறார். கட்டாமல் திரும்பினால், "இன்னும் அடைக்கேல்லயோ?" என்கிறார். மகள் அதால்தான் மாமி வீட்டுக்கு ஓடுகிறாள். ஆடும் அதே வழியைத்தான் பார்க்கிறது. பக்கத்து வீட்டோடு ஒரே வேலியில் வாழ்ந்து பழகியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்: நான் அதை அடைக்கட்டுமா, விடட்டுமா?