வந்தும் வராத தாய்மாமன்

சொந்தத்திலேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் குடும்பத்தில் பிறந்தவர்கள் சாஃப்ட்வேர் படிக்கலாம். ஆனால் படித்ததை அந்தக் கல்யாணத்திலேயே காட்டக் கூடாது. (நான் காட்டினேன். திருவண்ணாமலையில் பாதிப் பேருக்குத் தெரியும்.)

என் அக்காவுக்கு மாப்பிள்ளை, கீழ்பென்னாத்தூர் மாமாவின் மகன். அதாவது அந்த மாமா, பெண்ணுக்குத் தாய்மாமன், மாப்பிள்ளைக்கு அப்பா. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது, கை சும்மா இருக்குமா? விருந்தினர் வந்ததும் வாசலில் பெயரைத் தட்டினால், மேடைப் பக்கத்து டிவியில் "வந்துவிட்டார்" என்றும், அதுவரை "இன்னும் வரவில்லை" என்றும் காட்ட ஒரு புரோகிராம் எழுதினேன். 'விருந்தாளி' என்று ஒரு கிளாஸ், அதாவது புரோகிராமில் ஒரு வகை. அதிலிருந்து பிறந்தவை 'பெண் வீட்டார்', 'மாப்பிள்ளை வீட்டார்'. மாமா இரண்டு பக்கமும் சொந்தமாயிற்றே, அவருக்காக அந்த இரண்டிலிருந்தும் பிறந்த 'இருவீட்டார்'. (இந்த இடத்தில் என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.)

எழுதியதைச் சரிபார்த்து ஓடவைக்கும் கம்பைலர் மட்டும் முரண்டு பிடித்தது. இவருக்குள் இரண்டு விருந்தாளிகள் இருக்கிறார்கள், நீ யாரைச் சொல்கிறாய் என்று கேட்டது. 'விர்ச்சுவல்' என்ற வார்த்தையைச் சேர்த்திருந்தால் இருவரும் ஒருவராகியிருப்பார்கள். நானோ அதன் வாயை அடைப்பதற்காக, வாசலில் பதிவது மாப்பிள்ளை வீட்டு மாமா, டிவி பார்ப்பது பெண் வீட்டு மாமா என்று எழுதிவிட்டு நிம்மதியாகப் படுத்துவிட்டேன்.

மறுநாள் வேங்கிக்கால் மண்டபத்தில் மாமாவுக்குச் சந்தனம் கொடுத்து வரவேற்றோம். பெயரைத் தட்டினேன். எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் மாலை போட்டு அழைத்து வந்தால்தான் பெண் மேடை ஏறுவாள். டிவி சிவப்பு எழுத்தில் சொன்னது: "பெண்ணின் தாய்மாமன் இன்னும் வரவில்லை."

"இன்னா, அண்ணன் தங்கச்சிக்குள்ள எதனா தகராறா?" என்று முன்வரிசையில் ஒரு பெரியம்மா ஆரம்பித்தார்.

"மாமா, இன்னொரு வாட்டி உள்ள வாங்களேன்" என்றேன். பாவம், வாசலுக்குப் போய், மேளம் ஆரத்தி சகிதம் மறுபடி வந்தார். தட்டினேன். மாப்பிள்ளை வீட்டு மாமா இரண்டாம் முறையாக வந்து சேர்ந்தார். டிவி மசியவில்லை.

மாமாவுக்கு முகம் கறுத்துவிட்டது. மாலையை நாற்காலியில் வைத்தார். "நான்தான் வரலையேம்மா. வராதவன் எப்டி மாலை போடறது?"

"அண்ணா, அது மிஷின்ணா" என்று அம்மா கெஞ்சினாள். ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா அறைக்கதவு இடுக்கிலிருந்து என்னைப் பார்த்தாள். என்னால் கல்யாணமே நின்றுவிடுமோ என்று நிஜமாகவே பயந்தேன். (டிவியை அணைத்திருக்கலாமே என்கிறீர்களா? எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். அன்று தோன்றவில்லை.)

லேப்டாப்பைத் திறந்து, அந்த 'விர்ச்சுவல்' வார்த்தையைச் சேர்த்து, மறுபடி ஓடவிட்டேன். புரோகிராம் புதிதாகத் தொடங்கியதில், அதுவரை வந்தவர்கள் அத்தனை பேரும் அதற்கு மறந்துபோனார்கள். "மணமகள் இன்னும் வரவில்லை. மணமகன் இன்னும் வரவில்லை. ஐயர் இன்னும் வரவில்லை."

மாமா டிவியைப் பார்த்தார். மேடையில் உட்கார்ந்திருந்த மகனைப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். "வுடு, ஒருத்தருமே வரலியாமே! அப்ப எனக்கு மட்டும் இன்னா கோவம்? மாலைய எடும்மா."

இன்றைக்கும் மாமா எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குரல் கொடுப்பார். "ரெண்டு காபி போடு. ஒண்ணு பொண்ணோட மாமாவுக்கு, ஒண்ணு மாப்பிள்ளையோட அப்பாவுக்கு. சக்கரை கம்மி."

அம்மா இரண்டு காபியையும் ஒரே பெரிய டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்து வைப்பாள். வைத்துவிட்டு என் பக்கம் திரும்புவாள்.

"இவ்ளோதானேடி நீ செய்ய வேண்டியிருந்தது?"