தங்கைக்கு எழுதிய எடைச் சீட்டு

அன்புள்ள தங்கைக்கு அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம், என் இடது கையைத் தவிர. உங்கள் நலமறிய ஆவல் என்று எழுதப் பயமாக இருக்கிறது. இந்த வீட்டில் நலம் என்று வாயைத் திறந்தாலே பிரஷர் பார்க்கிற பட்டையை எடுத்துக்கொண்டு என் மகள் வந்துவிடுகிறாள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லவும்.

உன் மகள் செருப்புக்கடை வேலையை விட்டுவிட்டு மருத்துவ உதவியாளர் சான்றிதழ் படிப்பில் சேரலாமா, செலவென்ன வரவென்ன, வெள்ளிக்கிழமை கடைசி நாள், அதற்குள் சொல்லுங்கள் அண்ணா என்று எழுதியிருந்தாய். நல்ல ஆளைத்தான் கேட்டாய். முப்பது வருஷமாக எடைமேடையில் உட்கார்ந்து லாரிகளுக்குச் சீட்டு எழுதுகிறவன் நான். நிறை வண்டியின் எடையில் காலி வண்டியின் எடையைக் கழித்தால்தான் சரக்கு எவ்வளவு என்று தெரியும். அந்தப் படிப்புக்காரர்கள் நோட்டீசில் நிறை எடையை மட்டும்தான் போடுகிறார்கள்.

நாங்கள் விழுந்த கதையைக் கேள். எங்கள் சூப்பர்வைசர்தான் ஆரம்பித்து வைத்தார். "உங்க பொண்ண அதுல சேத்து விடுங்க, ஒரே வருஷத்துல உங்களுக்கு மேல சம்பாதிப்பா" என்றார். விண்ணப்பத்தின் கடைசிக் கட்டத்தில் 'இந்தப் படிப்பைப் பற்றிச் சொன்னவர் யார்' என்று கேட்டிருந்தது. நன்றி மறக்கக்கூடாதே என்று அவர் பெயரை முத்து முத்தாக எழுதினேன். அப்புறம்தான் தெரிந்தது, ஓர் ஆளைப் பிடித்துக் கொடுத்தால் இவர் மகனுக்கு இரண்டாம் நிலைப் படிப்பு இலவசமாம். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதிருக்கு! அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டேன். ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்து சீட்டுகளை மட்டும் நகர்த்திக்கொள்கிறோம். கூட வேலை செய்கிறவன் வயிற்றில் அடிக்கிறவன் எல்லாம் ஒரு மனுஷனா?

செலவுக்கு வருகிறேன். ஒன்பது மாதப் படிப்புக்குக் கட்டணம், என் ஆறு மாதச் சம்பளம். வெள்ளைக் கோட்டை அவர்களிடமே வாங்க வேண்டும், ஷூவும் அவர்களிடமே. ஸ்டெதஸ்கோப் ஒன்று வாங்கினோம், அது இப்போது கதவுக்குப் பின்னால் குடையோடு தொங்குகிறது. பரீட்சை நாளில் பரீட்சை வாங்க வேண்டியவருக்குக் காய்ச்சல். மறுதேதிக்கு மறுபடி பணம் கட்டச் சொன்னார்கள். காய்ச்சல் அவருக்கு, தண்டம் எனக்கு. ஊசி குத்திப் பழக அங்கே நாற்பது பேருக்கு ஒரே ஒரு ரப்பர் கைதான் இருக்கிறதாம், அதனால் வீட்டில் என் கை. உன் அண்ணி முதல் நாளே கையைப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டாள், கெட்டிக்காரி. "நரம்பு வழுக்குதுப்பா, கொஞ்சம் ஆடாம இருங்க" என்று சொல்லிச் சொல்லியே என் மகள் பாஸ் பண்ணினாள். என் முழங்கை மடிப்பில் ஊசித் தழும்புகளைப் பார்த்துவிட்டு லாரி டிரைவர் ஒருத்தன், "இந்த வயசுல ஏன் சார் இந்தப் பழக்கம்?" என்று புத்தி சொல்லிவிட்டுப் போனான். அதற்கப்புறம் நாலு மாதம் சம்பளமில்லாத பயிற்சி. அதில் பஸ்ஸுக்குக் கொடுத்ததை எழுதினால் தாள் போதாது.

இனி வரவு. ஒரு டாக்டரிடம் வேலை கிடைத்தது. என்ன வேலை? ஆட்களை மெஷின்மேல் ஏற்றி எடை பார்த்து எழுதுகிற வேலை! அதைப் படிக்காமலே நான் பார்க்கிறேனே அம்மா. சம்பளம், அங்கே தரை துடைக்கிற அம்மாளைவிடக் கம்மி. உன் மகள் செருப்புக்கடையில் வாங்குவதைவிடவும் கம்மி. பொறுக்க முடியாமல் நியாயம் கேட்க நானே போனேன். டோக்கன் இல்லாமல் உள்ளே விடவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து என் மகள் வெளியே வந்து, "நாப்பத்து மூணு! நாப்பத்து மூணு யாரு?" என்று என்னைப் பார்த்தே கூப்பிட்டாள். அப்பா என்று கூப்பிடக்கூடாதாம், அங்கே சட்டம். டாக்டரிடம் சம்பளப் பேச்சை எடுத்தேன். "மொதல்ல உங்க பிரஷரக் கவனிங்க, அதுதான் எக்கச்சக்கமா ஏறியிருக்கு. பொண்ணு நல்ல பொண்ணு. இரண்டாம் நிலைச் சான்றிதழ் முடிச்சிட்டு வரட்டும், பாக்கலாம்" என்றார். வெளியே வந்தால் பார்த்ததற்குக் கட்டணம், என் மகளின் இரண்டு நாள் சம்பளம். ரசீதை அவளேதான் எழுதிக் கொடுத்தாள். "மாசா மாசம் வரச் சொல்லியிருக்காருப்பா" என்றாள், தலையை நிமிர்த்தவே இல்லை. தங்கச்சி, ஊசி குத்தினபோதுகூட அப்படி வலிக்கவில்லை.

அதனால் வேண்டாம். சத்தியமாக வேண்டாம். பாழுங்கிணறு என்று தெரிந்தும் யாராவது பெற்ற பிள்ளையைத் தள்ளுவார்களா? கடையில் முதல் தேதி சம்பளம் வருகிறது, கையில் ஊசி இல்லை, கண்ணைக் கசக்க வேலை இல்லை. அங்கேயே இருக்கச் சொல். குழந்தைக்கு என் ஆசீர்வாதம், மாப்பிள்ளைக்கு என் வணக்கம், உங்கள் எல்லார் நரம்புகளும் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
உன் நன்மையைத் தவிர வேறெதையும் நினைக்காத
அண்ணன்

பின்குறிப்பு: நேற்று இதை எழுதி உறையை ஒட்டுவதற்குள் என் மகள் வேலையிலிருந்து வந்தாள். இரண்டாம் நிலைப் படிப்புக்கான தாளை மேசைமேல் வைத்தாள். முதலில் கட்டினதைப் போல இன்னொரு மடங்கு. வெள்ளிக்கிழமைக்குள் ஓர் ஆளைச் சேர்த்துவிட்டால் இலவசம். அப்புறம் என் கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தாள். யோசித்துப் பார்த்தால் செருப்புக்கடையில் என்னம்மா எதிர்காலம் இருக்கிறது? நாள் பூரா ஊரான் காலைப் பிடிக்கிற பிழைப்பு. மேலே உள்ளது ஏதோ கோபத்தில் எழுதியது, உன் மகள் கண்ணில் காட்டாதே. கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால் தபால் எடுக்கிற நேரமாகிவிட்டது. உடனே சேர்த்துவிடு. கடைசிக் கட்டத்தில் என் மகள் பெயரை, பிழையில்லாமல் எழுதச் சொல். இன்று காலை சூப்பர்வைசரிடம் நானே போய்ப் பேசிவிட்டேன். அவர் எதையும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. "யாரு கெடச்சாங்க?" என்று மட்டும் கேட்டார். "தங்கச்சி பொண்ணு" என்றேன்.