இறக்காத பேரீச்சங்கொட்டை

மார்க்கம் அறிந்தவன் செய்யும் தவறு எளிதில் பிடிபடாது, அவனுக்கே பிடிபடாது. எழுபது வயதைக் கடந்த நான் ஒரு விளையாட்டுப் பலகையை உருவாக்கியது அத்தகைய தவறு.

மனைவி மௌத்தாகி அடக்கமான பின், கல்முனையில் மகளுக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்த வீட்டில் தனியே இருக்கிறேன். வீட்டுக்குச் சொந்தக்காரியான அந்த மகள், நஸீரா, கணவனோடும் மகளோடும் டோஹாவில். நான் அவளுடைய சம்பளமில்லாக் காவல்காரன். பெருநாளுக்கு அவர்கள் வந்தால் பத்து நாளும் விருந்துகளிலேயே கழிந்துவிடும். ஒரேயொரு நாள், பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பிறகு, என்னைச் சுற்றி அவர்கள் உட்கார வேண்டும். அதை வாய்விட்டுக் கேட்க வெட்கமாயிருந்தது. ஆகவே, நான்கு பேர் உட்கார்ந்தே தீரவேண்டிய ஒன்றைச் செய்ய முனைந்தேன்.

நான்கு மாதம் உழைத்தேன். ஓர் ஆன்மா சிறு தோணியில் இக்கரையிலிருந்து மறுகரை சேர்வதே ஆட்டம். விடியலில் எங்கள் கடல் கொள்ளும் சாம்பல் நீலம் கைகூடுவதற்காகப் பலகையை மூன்று முறை சுரண்டிப் பூசினேன். தொண்ணூற்றொன்பது அலைகள், ஒவ்வோர் அலையும் ஒரு கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் இறைவனின் திருநாமங்களில் ஒன்று, அரபெழுத்தில், பொன்வண்ணத்தில். ஓதிக்கொண்டே நகர்ந்தால் ஆட்டமும் ஆயிற்று, நன்மையும் ஆயிற்று. மார்க்கத்தில் தாயக்கட்டை ஆகாதென்பதால், எண் எழுதிய துண்டுகளைத் தகரப் பேணியொன்றில் குலுக்கி எடுக்கும் முறை. (இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்காதீர்கள். நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.) தோணிகளாக நான்கு பேரீச்சங்கொட்டைகள். விதிகளை ஒன்பது வெண்பாக்களில் யாத்தேன்.

பெருநாளின் மூன்றாம் நாள், பொழுது சாயும் வேளையில்தான் பாயை விரிக்க முடிந்தது. மருமகன் முதல் வெண்பாவை வாசித்தார்.

"மாமா, இது ஆரு மௌத்தானதுக்குப் பாடின?"

"விளையாட்டு விதி, மகன்."

நஸீரா பலகையைக் கண்டதும் பதறி அதைப் பாயிலிருந்து தூக்கினாள். "என்ன வாப்பா, அல்லாட பேர நிலத்திலயா வைக்கிற?"

நியாயம்தான். மேசைக்கு மாற்றினோம்.

"வுழூ இல்லாமத் தொடலாமா மாமா?"

அதுவும் நியாயம். மூவரும் வரிசையில் நின்று, முகம் கைகால் கழுவி வுழூச் செய்து வந்தார்கள். இருபது நிமிடம் போயிற்று.

பத்து வயதுப் பேத்தி ஸைனப் முதல் துண்டை எடுத்தாள். ஒன்று. முதற்கட்டம், அர்ரஹ்மான். கொட்டையை ஏந்திய கை பாதிவழியில் நின்றது.

"மூத்தவாப்பா, அல்லாட பேருக்கு மேல கொட்டைய வைக்கலாமா?"

நான்கு மாதத்தில் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவேயில்லை. தனியே இருப்பவன் தோணியை நகர்த்திப் பார்ப்பதில்லை.

"படாமப் பிடிச்சிக்கங்க. மேலால பிடிச்சா குத்தமில்ல," என்றேன்.

அவளைப் பார்த்து நாங்களும் எங்கள் கொட்டைகளை எடுக்க, நால்வரும் அவற்றைப் பலகைக்கு மேல் அந்தரத்தில் பிடித்தபடி நின்றோம். நஸீரா உதட்டைக் கடித்து உடல் குலுங்கினாள்; அழுகிறாளோ என்று பயந்தேன், சிரிப்பு. இரண்டாவது துண்டை எடுக்குமுன் பள்ளியில் மஃரிப் தொழுகைக்கு வாங்கு சொன்னார்கள். தொழுகை, பிறகு சம்மாந்துறையில் விருந்து, அதன்பின் நாளுக்கொரு விருந்து, பிறகு விமானம்.

பலகை இப்போது கண்ணாடிச் சட்டத்துக்குள் முன்னறைச் சுவரில் இருக்கிறது. வருவோர் போவோர் பார்த்து ஓதிவிட்டு, எங்கே வாங்கியதென்று கேட்கிறார்கள். டோஹாவில் எந்த வேலை இழுபட்டாலும் நஸீரா, "வாப்பாட தோணி மாதிரி நிக்கி," என்பாளாம்.

கொட்டைகளில் மூன்றுதான் என்னிடம் உண்டு. நான்காவது ஸைனபின் கையோடு போய்விட்டது. வெள்ளிதோறும் அவள் அழைத்து, கைபேசித் திரையில் அதை உயர்த்திக் காட்டுகிறாள்.

"மூத்தவாப்பா, நான் இன்னும் வைக்கல்ல."

"அவசரமில்ல மகள். பிடிச்சிக்கங்க."

விதிப்படி, அவளுக்கு அடுத்த முறை என்னுடையது. பேணியைத் துடைத்துத்தான் வைத்திருக்கிறேன்.